பாங்காக்கில் கைடு வைத்து ஊர் சுற்ற: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பாங்காக்கின் அரண்மனைப் பகுதியை மூன்று தடவை, மூன்று வேறு கூட்டத்தோடு சுற்றியிருக்கிறேன். முதலில் எங்கள் குடும்பம், அடுத்து அக்கா குடும்பம், கடைசியாக அம்மாவும் இரண்டு சித்திகளும். முதல் தடவை பதினொன்றரை மணிக்கே அப்பா நிழல் தேடி உட்கார்ந்துவிட்டார். சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். இன்னும் நான்கு இடம் பாக்கி என்று கைடு கடிகாரத்தைக் காட்டினார். கைடு மேல் குற்றமில்லை. என்ன செய்யப்போகிறோம் என்பதை நாங்கள் தலைகீழாக முடிவு செய்திருந்தோம்: முதலில் டூரை புக் செய்தோம், பிறகு நாள் குறித்தோம், கடைசியில்தான் யார் எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்பதை யோசித்தோம்.

அடுத்த இரண்டு தடவையும் வரிசையை மாற்றினேன். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கிராண்ட் பேலஸ் என்ற அரண்மனை, வாட் போ, வாட் அருண் என்ற இரண்டு புத்தர் கோயில்கள், ஆக மூன்று இடங்களை அரை நாளில் பார்ப்பதற்கான கணக்கு இது.

1. முதலில் கால்கள், பிறகு இடங்கள்

டூர் பக்கம் போகும் முன் ஒரு தாளில் வீட்டு ஆட்களின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் மூன்று விஷயம்: உட்காராமல் எத்தனை நிமிடம் நடப்பார், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை பாத்ரூம் போக வேண்டும், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாக வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் இருந்தால் மூன்றாவது கேள்விதான் முக்கியம்.

கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவர் வேகம்தான் டூரின் வேகம். அம்மா இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை உட்கார வேண்டும் என்றால், டூர்க்காரர் "மூன்று மணி நேரம்" என்று போட்டிருப்பதை நாலரை மணி நேரம் என்று படியுங்கள். மூன்று இடங்களுக்கு மேல் சேர்க்கவே வேண்டாம். அறுபது வயதுக்கு மேற்பட்டவரும் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவரும் ஒரே கூட்டத்தில் இருந்தால் இரண்டு இடம் போதும். மூன்றாவதை அன்றைய தெம்பைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்யலாம்.

2. எந்த மாதிரி டூர்

நம் ஊர் ஏஜென்ட்டுகள் இரண்டு வகை சொல்வார்கள். எஸ்.ஐ.சி. என்றால் மற்ற குடும்பங்களோடு சேர்ந்து பொது வண்டியில் போவது. பிரைவேட் என்றால் வண்டியும் கைடும் உங்களுக்கு மட்டும். நல்ல நடை உள்ள நான்கு பெரியவர்கள் என்றால் எஸ்.ஐ.சி.யே போதும், பணம் மிச்சம். வயதானவர்களும் குழந்தைகளும் இருந்தால் பிரைவேட்தான் என் யோசனை. பொது வண்டியில் ஒரு குழந்தைக்கு அவசரமாகப் பாத்ரூம் வந்தால் இருபது பேர் காத்திருப்பார்கள். அந்தச் சங்கடத்திலேயே தாய்மார்கள் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். அந்த ஊர் வெயிலில் அது ஆபத்து.

பேக்கேஜில் "சிட்டி டூர்" என்று இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துக் கேளுங்கள். பெரும்பாலும் வாட் டிரைமிட் கோயிலில் இருக்கும் ஐந்தரை டன் தங்க புத்தர், மார்பிள் கோயில், முடிவில் ஒரு ரத்தினக்கல் கடை. தங்க புத்தர் பார்க்க வேண்டியவர்தான். ஆனால் இந்த டூரில் கிராண்ட் பேலஸ் பெரும்பாலும் வராது. அக்கா வீட்டில் அதை அறியாமல், அரண்மனையும் இதில்தான் என்று நினைத்துப் பணம் கட்டிவிட்டார்கள்.

3. பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டிய பதில்கள்

இவற்றை போனில் கேட்காதீர்கள், வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பதில் கையில் இருக்கும்.

நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா? நான் இதை எழுதும்போது வெளிநாட்டவருக்குக் கிராண்ட் பேலஸ் 500 பாத், வாட் போ 300, வாட் அருண் 200. அதாவது தலைக்கு 1,000 பாத். ஐந்து பேர் குடும்பத்துக்கு டூர் விலையையே தாண்டிவிடும் தொகை இது. கிராண்ட் பேலஸிலும் வாட் போவிலும் 120 செ.மீ. உயரத்துக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இலவசம். வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். குழந்தையை வீட்டிலேயே சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள்.

வழியில் கடை நிறுத்தம் உண்டா? விலை அதிசயமாகக் குறைவாக இருந்தால் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நகைக்கடையிலோ தோல் பொருள் கடையிலோ கழியும் முக்கால் மணி நேரம் காலை நேரத்தில் வெட்டப்படுகிறது, காலை நேரம்தான் உங்களுக்கு வேண்டியது. "கடை நிறுத்தம் வேண்டாம், அதற்கு எவ்வளவு கூடுதல்?" என்று நேராகக் கேட்கலாம்.

கைடுக்கு உரிமம் உண்டா? தாய்லாந்தில் கைடு வேலை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. உரிம அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். நம் ஊரிலிருந்து கூடவே வரும் டூர் மேனேஜர் உள்ளே நின்று விளக்கிச் சொல்ல முடியாது.

இன்னும் ஒன்று கேளுங்கள்: ஹோட்டலில் வந்து அழைத்துப்போவார்களா, அல்லது அரண்மனை வாசலில் சந்திப்பா? இரண்டாவது என்றால் எந்த வாசல், எந்த மூலை என்று படத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அரண்மனைச் சுவரின் சுற்றளவு மட்டும் 1,900 மீட்டர். "வாசலில் நிற்கிறேன்" என்றால் கண்டுபிடிக்க முடியாது. பார்வையாளர் நுழைவது வடக்குப் பக்கம், நா பிரா லான் சாலையில்.

4. எந்த நாள்

இறங்கிய அன்று வேண்டவே வேண்டாம். சென்னையிலிருந்து இரவு விமானத்தில் ஏறினால் விடியற்காலை இறங்குவீர்கள். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். அங்கே காலை எட்டரை என்றால் உடம்புக்கு ஏழு மணி, அதுவும் தூங்காத ஏழு மணி. இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் வையுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். ஏப்ரல் கடுமை. மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், என்றாலும் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பிடிக்கும். காலையிலேயே கிளம்ப அதுவும் ஒரு காரணம். அரச குடும்பச் சடங்குகளுக்காக அரண்மனையின் சில பகுதிகளையோ முழுவதையுமோ மூடுவது உண்டு. டூர் நாளை உறுதி செய்யும் முன் அரண்மனையின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பாருங்கள், முந்தின இரவு இன்னொரு தடவை பாருங்கள்.

5. கிளம்பும் முன் தயார் செய்ய வேண்டியவை

தாய்லாந்துக்குள் நுழைய டிஜிட்டல் வருகை அட்டை 2025 மே 1 முதல் கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், குழந்தைகளுக்கும் தனித்தனியாக. அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போடும் வாரத்தில் பார்த்த தகவலைப் பயண வாரத்தில் மறுபடி சரிபாருங்கள்.

பாஸ்போர்ட்டை ஹோட்டல் பெட்டகத்தில் வைத்துவிட்டு, படத்தை எல்லாருடைய போனிலும் போட்டுவையுங்கள். 20, 50, 100 பாத் தாள்களாகக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். படகுக்கும் தண்ணீருக்கும் 1,000 பாத் தாளை நீட்டினால் சில்லறைக்குத் திண்டாடுவீர்கள்.

ஹோட்டல் முகவரியைத் தாய் எழுத்தில் அச்சிட்ட அட்டையை வரவேற்பில் கேட்டு ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். பெரியவர் யாராவது பிரிந்துவிட்டால் டாக்ஸிக்காரரிடம் காட்ட அது ஒன்றே போதும்.

6. உடை: நிறைய பேர் வாசலிலேயே தடுக்கி விழும் இடம்

கிராண்ட் பேலஸில் உடையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். கையில்லாத மேல்சட்டை, அரைக்கால் சட்டை, குட்டைப் பாவாடை, கிழிந்த ஜீன்ஸ், உள்ளே தெரியும் மெல்லிய துணி, உடம்போடு ஒட்டிய லெக்கிங்ஸ் எதுவும் கூடாது. நம் பெண்கள் சறுக்குவது லெக்கிங்ஸிலும் துப்பட்டாவிலும்தான். கையில்லாத சுடிதார் மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஏற்க மாட்டார்கள். கை வைத்த தைத்த உடை வேண்டும். தளர்ந்த சல்வார் நல்லது. ஆண்களுக்கு முழுக்கால் சட்டை.

வெளியே கடைகளில் பேன்ட்டும் சுற்றுத் துணியும் விற்கிறார்கள், வாங்கிச் சமாளிக்கலாம். ஆனால் அந்த இருபது நிமிடத்தில் பேருந்துக் கூட்டம் முழுவதும் உங்களுக்கு முன்னால் உள்ளே போயிருக்கும்.

செருப்பு, ஷூ எதுவானாலும் குனியாமல் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கட்டும். சன்னதிக்குச் சன்னதி கழற்ற வேண்டும். கயிறு கட்டிய ஷூ போட்ட முழங்கால் வலிக்காரர் இரண்டாவது இடத்திலேயே "நான் வெளியே இருக்கிறேன், நீங்கள் போங்கள்" என்பார்.

7. அன்றைய காலை

ஆறு மணிக்கு எழுந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, ஏழேகாலுக்குக் கிளம்புங்கள். எட்டரை மணிக்குத் திறக்கும்போது வரிசையின் முன்பக்கம் நிற்க வேண்டும். கிராண்ட் பேலஸ் முற்றம் வெள்ளைத் தரை, தங்கத் தகடு, கண்ணாடிச் சில்லு. பத்து மணிக்கு மேல் வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கும்.

இதனால்தான் கிராண்ட் பேலஸ் முதலில். இன்னொரு காரணமும் உண்டு: மூன்றில் சீக்கிரம் மூடுவது இதுதான், மதியம் மூன்றரையோடு டிக்கெட் நின்றுவிடும். வாட் போவும் வாட் அருணும் மாலை வரை திறந்திருக்கும். அதனால் கைடு "முதலில் வாட் அருண், கூட்டம் இருக்காது" என்றாலும், பெரியவர்கள் கூட வந்தால் அரண்மனைதான் முதலில் என்று சொல்லிவிடுங்கள்.

வண்டி ஏற்பாடு இல்லையென்றால் ஆற்றுவழி நல்லது. பி.டி.எஸ். என்ற நகர ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சாத்தோன் படகுத்துறை. அங்கிருந்து சாவ் பிரயா எக்ஸ்பிரஸ் படகில் தா சாங் துறை. காலை நேரச் சாலை நெரிசல் உங்களைத் தொடாது.

கிளம்பும் முன் எல்லாரையும் நிறுத்தி ஒரு படம் எடுங்கள். யாராவது தொலைந்தால் "இன்று இந்தச் சட்டைதான் போட்டிருந்தார்" என்று காவலரிடம் காட்ட உதவும். சுற்றுலாக் காவல் எண் 1155. அதை எல்லா போனிலும் பதியுங்கள்.

8. வாசலுக்கு வெளியே நிற்பவர்கள்

நன்றாக உடுத்திய ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, மதியம்தான் திறக்கும், அதுவரை டுக்டுக் ஆட்டோவில் வேறு கோயில் பார்க்கலாம், மிகக் குறைந்த காசு" என்பார். பல வருடமாக நடக்கும் ஏமாற்று இது. டுக்டுக் கடைசியில் ஒரு ரத்தினக்கல் கடையிலோ தையல் கடையிலோ போய் நிற்கும்.

உங்கள் கைடு கூட இருந்தால் இவர்கள் அணுகுவது குறைவு. ஆனால் கைடைச் சந்திக்கும் முன், வாசலைத் தேடி நடக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் அகப்பட்டுக்கொள்வீர்கள். பதில் சொல்லாமல் நடந்து டிக்கெட் கவுன்டர் வரை போய்ப் பார்த்துவிடுங்கள். மூடியிருந்தால் அங்கே இருக்கும் ஊழியர் சொல்வார். நம் பெரியவர்கள் யார் பேசினாலும் நின்று மரியாதையாகப் பதில் சொல்லும் பழக்கமுள்ளவர்கள். அதனால் முந்தின இரவே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

9. உள்ளே: கைடை எப்படிப் பயன்படுத்துவது

கைடைப் பார்த்ததும் முதல் இரண்டு நிமிடத்தில் மூன்று விஷயம் சொல்லுங்கள்: யாருக்கு அடிக்கடி உட்கார வேண்டும், அடுத்த பாத்ரூம் எங்கே, ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். வீட்டில் ஒருவர் கைடு பக்கத்திலேயே நின்று தமிழில் சொல்லிக்கொண்டு வாருங்கள். இதை மாற்றி மாற்றிச் செய்யக் கூடாது, ஒரே ஆள் செய்ய வேண்டும். நான் செய்யாமல் விட்ட முதல் பயணத்தில் அப்பாவும் அம்மாவும் ஊமைப்படம் பார்த்த மாதிரி நடந்துவந்தார்கள். அவர்கள் களைத்ததற்குப் பாதிக் காரணம் வெயில், பாதி ஒன்றும் புரியாதது.

"முதலில் கதை, பிறகு படம்" என்று வீட்டுக்குள் ஒரு ஒப்பந்தம் வையுங்கள். ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு சிதறினால், கைடு பாதிப் பேரிடம் ஒரு தடவையும் மீதிப் பேரிடம் ஒரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கும். நேரம் அப்படித்தான் கரைகிறது.

அரண்மனை வளாகத்துக்குள் இருக்கும் மரகத புத்தர் சன்னதியைச் சுற்றி ஒரு நீண்ட பிராகாரம் ஓடுகிறது. சுவர் முழுக்க ராமகியன், அதாவது தாய்லாந்து ராமாயணம், 178 ஓவியங்களாக. கூரை உள்ள இடம், நிழல். கூட்டத்தோடு போகும் கைடுகள் இதை ஐந்தே நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். நம் குடும்பங்களுக்கு மொத்த அரண்மனையிலும் இதுதான் சொத்து, கைடிடம் முன்பே சொல்லி அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சேது கட்டும் காட்சியின் முன்னால் எங்கள் கைடு நின்றார். கடலில் போட்ட கற்களை மீன்கள் இழுத்துப் போகின்றன, அவற்றுக்குத் தலைவி ராவணனின் மகள், மீன் உடல் கொண்ட சுவன்னமச்சா. அவளைப் பார்த்து அனுமன் காதல் கொள்கிறான், ஒரு மகனும் பிறக்கிறான் என்றார். நான் தமிழில் சொல்லி முடிக்கும் முன் அம்மா, "அனுமார் பிரம்மச்சாரியாச்சே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய சித்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த மீன்வாலைக் கிட்டப்போய்ப் பார்த்தார். இருபது நிமிடம் அங்கேயே நின்று கைடைக் கேள்வி கேட்டார்கள். முழங்கால் வலியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சன்னதிக்குள் படம் எடுக்கக் கூடாது. வாசற்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும், பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உட்காரும்போது பாதம் புத்தரை நோக்கி நீளக் கூடாது, பின்பக்கம் மடக்க வேண்டும். முழங்கால் மடங்காதவர் உட்காராமல் ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு வரலாம். சிலையின் உயரம் 66 செ.மீ.தான், மிக உயரத்தில் இருக்கிறது. குழந்தைகளுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று வெளியிலேயே சொல்லிவையுங்கள். ஆண்டுக்கு மூன்று தடவை, பருவம் மாறும்போது, மன்னர் அந்தச் சிலைக்கு ஆடை மாற்றுகிறார். அன்றைக்கு எந்தப் பருவத்தின் ஆடை என்று கண்டுபிடிக்கச் சொன்னால் குழந்தைகள் கவனமாகப் பார்ப்பார்கள்.

வெயில் தாங்காதவர்களுக்கு ஓர் இடம்: வளாகத்துக்குள்ளேயே இருக்கும் ராணி சிரிகிட் துணி அருங்காட்சியகம். குளிரூட்டப்பட்டது, அரண்மனை டிக்கெட்டிலேயே அடங்கும். பட்டுப்புடவை பிடித்தவர்களுக்கு அது வெறும் ஓய்விடமாக இருக்காது.

10. வாட் போ

அரண்மனை நுழைவாயில் வடக்கில், வாட் போ தெற்கில். நீளச் சுவரை ஒட்டி நடக்க வேண்டும், நிழல் குறைவு. வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து நடக்கவிடாதீர்கள். பெரியவர்களை வண்டியிலோ பேரம் பேசிய டுக்டுக்கிலோ ஏற்றுங்கள். அந்தச் சின்னத் தொகையில் அடுத்த ஒரு மணி நேரத்துக்கான தெம்பு மிச்சமாகும்.

படுத்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். தலைப்பக்கம் நுழைந்ததும் எல்லாரும் படம் எடுக்க நிற்பதால் நெருக்குவார்கள். கைடை நேராகப் பாதத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். முழு உருவமும் அங்கிருந்துதான் தெரியும். பாதத்தில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். திரும்பும் பக்கத்தில் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். 20 பாத் கொடுத்தால் சில்லறைக் காசு தருவார்கள், கிண்ணத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகலாம். குழந்தைகளுக்கு இதைவிடப் பிடித்தது அன்றைக்கு வேறு இல்லை. அவர்கள் போட்டு முடிக்கும் வரை பெரியவர்கள் வெளித் திண்ணையில் உட்காரலாம்.

11. சாப்பாடும், நின்று முடிவெடுக்கும் இடமும்

வாட் போ முடிந்ததும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சைவக்காரர்கள் "காய்கறி மட்டும்" என்று சொன்னால் போதாது. "நாம் பிளா" என்ற மீன் சாறு கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் விழும். "ஜே" என்று சொல்ல வேண்டும். மஞ்சள் கொடியில் சிவப்பாக அந்த எழுத்து இருக்கும் கடைகளில் மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூட இருக்காது. கைடிடம் காலையிலேயே சொன்னால் தேடிவைப்பார். பசி வந்த பிறகு தேடாதீர்கள். அம்மாவுக்காக நான் எப்போதும் பையில் சப்பாத்தியும் தொக்கும் வைத்திருப்பேன்.

சாப்பிட்ட பிறகு ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள்: வாட் அருண் போகலாமா, ஹோட்டலா? எல்லாரையும் சேர்த்துக் கேட்டால் பெரியவர்கள் "பிள்ளைங்க ஆசைப்படுதுங்க" என்று சரி சொல்லிவிடுவார்கள். போவதென்றால் தா தியன் துறையிலிருந்து அக்கரைக்குப் படகு, சில பாத்துகள்தான். கோபுரப் படிகள் செங்குத்து. ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். முழங்கால் வலிக்காரர்கள் கீழே நின்று சுவரில் பதித்த பீங்கான் பூக்களைப் பார்த்தாலே நிறைவாக இருக்கும். யாராவது களைத்திருந்தால் கூட்டத்தைப் பிரியுங்கள். கைடு ஒரு பாதியோடு, வீட்டு இளையவர் ஒருவர் மறு பாதியோடு டாக்ஸியில்.

இன்னொரு நாள் காலை கொஞ்ச நேரம் இருந்தால், சாவ் சிங் சா என்ற சிவப்பு ராட்சத ஊஞ்சல் தூண்களையும் பக்கத்திலுள்ள தேவஸ்தானம் என்ற பிராமணர் கோயிலையும் பார்க்கலாம். 1935-இல் ஊஞ்சலாட்டம் நின்றுவிட்டது. ஆனால் அரச பிராமணர்களின் திரியம்பாவை, திரிபாவை சடங்கு தொடர்கிறது. திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அந்தப் பெயர்கள். மார்கழியில் விடியற்காலை எழுந்து பாடுகிற தாய்மார்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். இதை அரண்மனை நாளோடு சேர்க்காதீர்கள்.

12. முடிக்கும் விதம்

கைடுக்கு அன்பளிப்பு கொடுப்பது உங்கள் விருப்பம். கொடுப்பதென்றால் தொகையைக் காலையிலேயே ஒரு கவரில் போட்டு வைத்துவிடுங்கள், கடைசியில் களைப்போடு தாளை எண்ண வேண்டியிருக்காது. டிரைவர் தனி ஆள் என்றால் அவருக்கு வேறு கவர். எங்கே விடைபெறுவது என்பதையும் முன்பே பேசுங்கள். சில கைடுகள் கடைசி இடத்து வாசலிலேயே கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். "படகில் ஏற்றிவிட்டுப் போங்கள்" என்று கேட்டால் ஏற்றிவிடுவார்கள்.

படகு துறையில் நிற்பது சில விநாடிகள்தான், கட்டையோடு உரசி ஆடிக்கொண்டே நிற்கும். இளையவர் ஒருவர் முதலில் ஏறித் திரும்பி நின்று கை கொடுக்கட்டும், அடுத்து பெரியவர்கள், பிறகு குழந்தைகள், பைகளோடு இருப்பவர் கடைசியில். இறங்கும்போதும் இளையவரே முதலில் இறங்கிக் கை கொடுக்கட்டும். இறங்க வேண்டிய துறைக்கு ஒரு துறை முன்பாகவே எல்லாரும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வந்துவிட வேண்டும்.